குற்றாலத்தில் வழுக்கி விழுந்தால் காயம் வீங்குவது ஏன்? ரத்தத்துக்குள் நடக்கும் 'கம்பி பிடி' வேலை!

தென்காசி வழியாகக் குற்றாலம் சீசனுக்குப் போகும் கும்பலில் யாராவது ஒருத்தர் பாசிப் பாறையில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொள்வது சகஜம். ஊர் திரும்புவதற்குள் காயத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கிவிடும். பயப்பட வேண்டாம். உடம்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்தான் அது. (காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.)

காயத்தில் நுழைந்த கிருமியைத் தின்று அழிப்பவை வெள்ளையணுக்கள். ரத்த ரிப்போர்ட்டில் 'நியூட்ரோபில்' என்று இருக்குமே, அவைதான் முதலில் வரும். ஆனால் ரத்த ஓட்டம் அவற்றை அடித்துக்கொண்டு போகிறதே, காயம்பட்ட இடத்தில் எப்படி நிற்கும்?

பேரருவியில் தண்ணீர் தள்ளும்போது நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வோம், இல்லையா? காயத்துக்குப் பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவரிலும் அப்படிக் 'கம்பிகள்' முளைக்கின்றன. இவைதான் செல் ஒட்டு மூலக்கூறுகள்.

முதலில் வருவது செலக்டின். பிடி லேசுதான், வெள்ளையணு சுவரோடு உருண்டு வேகம் குறையும். அதற்குள் காயத்திலிருந்து வரும் ரசாயன சிக்னல், வெள்ளையணு மேலுள்ள இன்டக்ரின் என்ற புரதத்தை உசுப்பிவிடும். அது சுவரிலுள்ள ஐகேம்-1ஐ இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் செல்களின் இடுக்கு வழியே நுழைந்து வெளியே போய்விடும்.

இந்தப் பிடி அளவு மீறினாலும் தொல்லை. பெருங்குடல் அழற்சிக்குத் தரப்படும் வெடோலிசுமாப் மருந்து, இன்டக்ரின் பிடியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது.

பிடியே இல்லாமல் பிறந்தால்?

அதற்கு 'எல்ஏடி' என்று பெயர். சுமார் 10 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் மரபணு நோய். முதல் வகையில் இன்டக்ரினின் ஒரு பாகமான சிடி18 குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ரத்தத்தில் வெள்ளையணு எக்கச்சக்கமாக இருக்கும், ஆனால் காயத்துக்கு ஒன்றும் வந்து சேராது. செத்த வெள்ளையணுக்கள் சேர்ந்ததுதான் சீழ் என்பதால், புண் ஆறாமல் கிடந்தாலும் சீழ் பிடிக்காது. பார்ப்பவர்களுக்கு 'சீழ் இல்லையே, நல்லதுதானே' என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

கடுமையான வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பல குழந்தைகள் 2 வயதைத் தாண்டுவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணப்படுத்த முடியும். மும்பையிலுள்ள ஐசிஎம்ஆரின் தேசிய நோய் எதிர்ப்பு ரத்தவியல் நிறுவனம் இந்தியக் குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டறிந்து ஆராய்ந்திருக்கிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். அதனால் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய முதல் அறிகுறி தொப்புள்கொடி. வழக்கமாக ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ந்து விழுந்துவிடும். 3 வாரத்தைத் தாண்டியும் விழாமல், தொப்புளைச் சுற்றிச் சிவந்திருந்தால், 'தானா விழும்' என்று விட்டுவிடாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் சிடி18 அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள்.