அணில் குட்டிக்குத் தொல்காப்பியத்தில் ஒரு விதி

இந்த வாரம் சோழர் கதை இல்லை, அணில் கதை. ஒரத்தநாடு பக்கத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "தென்னை மரம் வெட்டினப்போ கூடு விழுந்துடுச்சு. கண்ணு திறக்காத மூணு குட்டி. தாயைக் காணோம். பால் குடுக்கலாமா?" வரலாறு காத்திருக்கும், குட்டி காத்திருக்காது. அதனால பதிலை முதல்ல சொல்லிடறேன்.

பசும்பால் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்து, உடம்புல நீர் வற்றியே குட்டி செத்துப்போகலாம். முதல்ல வேண்டியது சூடு. ரோமம் முளைக்காத குட்டியால தன் உடம்புச் சூட்டைத் தக்கவச்சுக்க முடியாது. குளிர்ந்து கிடக்கிற குட்டிக்கு எதை ஊத்தினாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்தி, அட்டைப்பெட்டியில ஒரு ஓரமா வைங்க. சூடு அதிகமானா குட்டி நகர்ந்துக்க மறு ஓரம் இருக்கணும்.

அந்தப் பெட்டியைக் கூடு விழுந்த இடத்துக்குப் பக்கத்துல, பூனைக்கும் காக்காவுக்கும் எட்டாத மாதிரி பாதி மூடிக் கட்டிட்டு, தள்ளிப் போயிடுங்க. அணில் பகல்ல நடமாடுற பிராணி. தாய் உயிரோட இருந்தா, திரும்பி வந்து குட்டிகளை ஒவ்வொண்ணா வாயில கவ்வி வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போக நல்ல வாய்ப்பு இருக்கு. மனுஷக் கை பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கிறது வெறும் பேச்சு. ஆனா நாலு பேர் சுத்தி நின்னு ரீல்ஸ் எடுத்தா அது இறங்கி வராது.

இருட்டற வரைக்கும் வரலைன்னா, இல்ல குட்டிக்கு அடிபட்டிருந்தா, ஆளைத் தேடணும். அமெரிக்காவுல இதுக்குன்னே உரிமம் வாங்கினவங்க இருக்காங்க. தஞ்சாவூர்ல அப்படித் தெருவுக்கு ஒருத்தர் கிடைக்க மாட்டாங்க. வனத்துறை அலுவலகத்துக்குப் போன் பண்ணுங்க. இந்த நேயருக்கு ஒரு அதிர்ஷ்டம், ஒரத்தநாட்டுலயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. என்ன கொடுக்கணும், எவ்வளவுன்னு மருத்துவர் சொல்லட்டும். எதைக் கொடுத்தாலும் குட்டியை மல்லாக்கப் போட்டு ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். குப்புற வச்சு, சொட்டுச் சொட்டா.

சரி, இப்ப வரலாறு.

தொல்காப்பியத்துல மரபியல்னு ஒரு பகுதி. எந்த விலங்கோட இளசை எந்தப் பேரால கூப்பிடணும்னு ஒரு பட்டியலே போடுது. அதுல கீரி, காட்டுப்பூனை, எலியோட சேர்த்து அணிலுக்கும் "குட்டி"ன்னு விதி இருக்கு. "பறழ்"னு சொன்னாலும் தப்பில்லையாம். எனக்குப் பிடிச்ச விஷயம் வேற: அங்கே அணில் வெறும் அணிலா வரலை, மூணு வரி உள்ள அணில்னு அடைமொழியோட வருது. இலக்கணம் எழுதினவர் முதுகை எண்ணிப் பார்த்திருக்கார்! வட இந்தியாவுல பரவலா இருக்கிறது ஐந்து வரி அணில். நம்ம பக்கம் மூணு. இதுக்குத்தான் 1766-ல லின்னேயஸ் பனை, தென்னையை நினைவுபடுத்துற மாதிரி "பால்மாரம்"னு பேர் வச்சார்.

புறநானூறு 246-வது பாட்டுல பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு, தீயில இறங்கப் போற நேரத்துல வெள்ளரிக்காயைப் பத்திப் பேசறாங்க. அந்தக் காயோட கோடுகளுக்கு உவமை அணில் முதுகு. அவ்வளவு பெரிய துக்கத்துக்கு நடுவுலயும் அணில் ஒரு எட்டு வந்துட்டுப் போகுது.

இதுல எங்கயும் ராமர் இல்லை. கவனிங்க, கோடு முதல்ல வந்துடுச்சு, விரல் பட்ட கதை அப்புறம்தான். வால்மீகியிலயும் அந்த அணில் கிடையாது.

பாலம் கட்டின அணில் தமிழ்ல வர்றது தொண்டரடிப்பொடி ஆழ்வார்கிட்ட. 8, 9-ஆம் நூற்றாண்டு வாக்குல, கும்பகோணம் பக்கத்துத் திருமண்டங்குடியில பிறந்தவர். அதாவது அசல் டெல்டாக்காரர். ஸ்ரீரங்கத்துல நந்தவனம் வச்சு மாலை கட்டினவர். தோட்டத்துல வேலை செய்யறவர் தினமும் அணிலைப் பார்த்திருப்பார்ங்கிறது என் ஊகம். அவரோட திருமாலையில அணில் தண்ணியில நனைஞ்சு, மண்ணுல புரண்டு, ஓடிப்போய்க் கடலை அடைக்கப் பார்க்குது. அந்தக் கள்ளமில்லாத அணில் மாதிரிகூட நான் இல்லையேன்னு புலம்பறார். ராமர் தடவிக் கொடுத்தார், கோடு விழுந்ததுன்னு அந்தப் பாட்டுல ஒரு வார்த்தை கிடையாது. அணிலுக்குப் பரிசே இல்லை, வேலை மட்டும்தான். பின்னாடி வந்த கோடு கதையைவிட எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடுன்னு தென்னந்தோப்புகள் வரிசையா சாய்ஞ்சது. மரத்தை எண்ணி நிவாரணம் கொடுத்தாங்க. மட்டை இடுக்குல இருந்த கூடுகளை யார் எண்ண முடியும்? புயலை நிறுத்த முடியாது, ஆனா அரிவாளை நிறுத்தலாம். அடுத்த தடவை மரம் வெட்டறதுக்கு முன்னாடி, ஏறுறவர்கிட்ட குருத்துப் பக்கம் நார் உருண்டை மாதிரி ஏதாவது இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. உள்ளே குட்டி இருந்தா, சில வாரம் தள்ளிப் போடுங்க.