செல்ஃப் எடுக்காத ராத்திரியும் தேனி வைஃபையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயைக் குடிச்சிட்டு வந்து உக்காருங்க.

எங்க ஊர் திருவேங்கடம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவுல இருக்கிற கரிசக்காட்டு ஊர். 2019ல இருந்து தென்காசி மாவட்டம், அதுக்கு முன்னாடி திருநெல்வேலி. வீட்டுல ஒரு பழைய ஆம்னி வேன் நிக்குது. கல்யாணம், கோயில் கொடைன்னா எடுப்போம். மத்தபடி வாரக்கணக்கா வேப்பமரத்துக்குக் கீழ கிடக்கும். போன வருஷம் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. ஓடிப்போய் சாவியைத் திருப்பினா "டிக்... டிக்...". அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கல. பக்கத்து வீட்டு அண்ணாச்சியையும் அவங்க மகனையும் எழுப்பி, தள்ளி ஸ்டார்ட் பண்ணி, கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம். அப்பா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷம் இன்னும் என் வயித்துக்குள்ள கிடக்கு.

மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் மீட்டரை வச்சுப் பார்த்துட்டு, "தம்பி, இது நேத்து சாகல. ஒரு மாசமா செத்துக்கிட்டு இருந்திருக்கு. நீ பாக்கல"ன்னார். சுருக்குன்னு இருந்துச்சு. சரி, இனிமே பாத்துக்கிட்டே இருப்போம்னு வீட்டு வைஃபை வழியா பேட்டரி வோல்டேஜை அனுப்புற ஒரு சின்னப் பெட்டி செஞ்சேன். செய்யும்போதுதான் இதுக்கு முன்னாடி யாரெல்லாம் இதே பாடு பட்டிருக்காங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, கதை எங்கேயோ அமெரிக்காவுல ஆரம்பிச்சு நம்ம தேனியில வந்து நிக்குது!

முதல்ல பேட்டரி. காரீய-அமில பேட்டரியை 1859ல கண்டுபிடிச்சவர் பிரான்ஸ்காரர் காஸ்தோன் பிளாந்தே. அது முதல்ல காருக்காக வந்ததே இல்லை. அப்ப காரே கிடையாது. காருக்குள்ள அது கட்டாயமா வந்து உக்காந்தது 1912ல, சார்லஸ் கெட்டரிங் செஞ்ச மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரை காடிலாக் கம்பெனி தன்னோட வண்டியில வச்ச பிறகு. அதுக்கு முன்னாடி கைப்பிடியைப் போட்டுச் சுத்தணும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சா கை எலும்பு போயிரும். கெட்டரிங் அந்தக் கைப்பிடியை ஒழிச்சார். பதிலுக்கு ஒரு புதுக் கவலையைக் கொடுத்துட்டுப் போயிட்டார்: பேட்டரி இறங்கிட்டா?

நம்ம பக்கம் பேட்டரின்னா காரைக்குடியைச் சொல்லாம இருக்க முடியாது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில திறந்தாங்க. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததாலதான் அது டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ போகாம செட்டிநாட்டுப் பொட்டலுக்கு வந்துச்சு. (அந்தக் காலத்து 15 லட்சம். யோசிச்சுப் பாருங்க.)

இனி பேட்டரியைப் பாக்குற வித்தை. 12 வோல்ட் பேட்டரின்னு சொன்னாலும் உள்ள இருக்கிறது ஆறு அறைகள், ஒவ்வொண்ணும் ரெண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல. முழுசா சார்ஜ் ஆகி, வண்டி சில மணி நேரம் சும்மா நின்ன பிறகு அளந்தா 12.6, 12.7 காட்டும். 12.2ன்னா பாதி காலி. 11.9க்குக் கீழ போச்சுன்னா செல்ஃப் எடுக்குமான்னு சாமியைத்தான் கேக்கணும். கவனிச்சீங்களா, நிறைஞ்சதுக்கும் காலியானதுக்கும் நடுவுல ஒரு வோல்ட் கூட வித்தியாசம் இல்லை! அதனாலதான் பழைய மெக்கானிக்குகள் வோல்ட்டை நம்பாம ஹைட்ரோமீட்டரை நம்பினாங்க. மூடியைத் திறந்து, ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினா உள்ள ஒரு மிதவை மிதக்கும். 1.26ன்னா நல்லா இருக்கு, 1.15ன்னா தூக்கி சார்ஜ்ல போடு. சின்ன வயசுல பேட்டரிக் கடை வாசல்ல நின்னு அந்த மிதவையை வேடிக்கை பாத்தது ஞாபகம் இருக்கு. இப்ப வர்ற பேட்டரி நிறைய மூடித் திறக்க முடியாத ரகம். மிதவைக்கு வேலை இல்லை. வோல்ட்தான் கதி.

காலியான நிலையிலேயே பேட்டரியை விட்டுட்டா, தகட்டுல படிஞ்ச காரீய சல்ஃபேட் இறுகிப் படிகமாயிரும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசாத் திரும்பாது. கடைக்காரர் சொன்ன "செத்துக்கிட்டு இருந்திருக்கு" இதுதான்.

சரி, தூரத்துல இருந்து பாக்குற கதைக்கு வருவோம். தேனியில அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கு. (அரவிந்தை 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி நம்ம கரிசல்காரர். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல பிறந்தவர்.) 2000களின் நடுவுல அவங்க ஒரு வேலை செஞ்சாங்க. போடி, சின்னமனூர் மாதிரி ஊர்கள்ல சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்கள் திறந்து, அங்க வர்ற நோயாளியைத் தேனியில உக்காந்திருக்கிற டாக்டர் வீடியோவுல பாத்துப் பேசுற ஏற்பாடு. அதுக்கு வேகமான இணைப்பு வேணும். பிராட்பேண்ட் கிராமத்துக்கு எட்டாத காலம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ரூவர் குழு கை கொடுத்துச்சு. சாதாரண வைஃபை அட்டைகளையே எடுத்து, உயரமான கோபுரத்துல திசை பாத்து ஆன்டெனா வச்சு, பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தாண்ட வச்சாங்க. 2005 ஜனவரியில இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடப் பயன்பாட்டுக்கும் லைசென்ஸ் இல்லாம திறந்து விட்டதும் இந்த மாதிரி முயற்சிகளுக்கு வசதியாப் போச்சு.

அலை பறந்துச்சு. ஆனா அவங்களைப் பாடாப் படுத்தினது அலை இல்லை, கரண்ட்டு! 2008ல சோனேஷ் சுரானா, ராபின் பத்ரா, ப்ரூவர் எல்லாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையோட சாரமே, கிராமத்து வயர்லெஸ் வலையை உயிரோட வச்சிருக்கிறது எப்படிங்கிறதுதான். வோல்டேஜ் திடீர்னு எகிறும். இல்லேன்னா மணிக்கணக்கா தாழ்ந்தே கிடக்கும். எகிறினா ரூட்டரோட பவர் சப்ளை கருகும். தாழ்ந்தா அதைவிடக் கொடுமை: ரூட்டர் சாகவும் செய்யாம, பிழைக்கவும் செய்யாம உறைஞ்சு போய் நிக்கும். யாராவது போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ற வரைக்கும் அப்படியே. அந்தப் பக்கம் கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு ஒரு பாட்டி பெஞ்சுல உக்காந்திருக்கும்.

இதுக்கு மருந்தா பேட்டரி வச்சாங்க. பேட்டரிக்கும் அதே நோய். ஒட்ட ஒட்டக் கறந்தா அது சாகும், சாகுறதுக்கு முன்னாடி கொடுக்கிற தாழ்ந்த வோல்டேஜுல ரூட்டரும் உறையும். அதனால வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழ போனா இணைப்பையே துண்டிக்கிற சின்ன சர்க்யூட் ஒண்ணைச் சேர்த்தாங்க. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. கடையில கிடைச்ச துண்டிப்பான்கள் ஒழுங்கா வேலை செய்யல. ஏன்னு பாருங்க: சுமையை எடுத்த உடனே பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்ததைப் பாத்து துண்டிப்பான் மறுபடி சேர்க்கும். சேர்த்ததும் வோல்டேஜ் விழும். மறுபடி துண்டிக்கும். இப்படியே ஊஞ்சல் ஆடினா ரூட்டர் என்னத்துக்கு ஆகும்? வெட்டுற அளவையும் சேர்க்கிற அளவையும் தள்ளித் தள்ளி வச்சு, நடுவுல காத்திருக்கவும் வச்சாத்தான் ஆட்டம் நிக்கும். அவங்களே புதுசா ஒண்ணு செஞ்சாங்க.

அடுத்தது கண்காணிப்பு. ஆய்வாளர்கள் இருக்கிறது பெர்க்லியில, பெட்டி இருக்கிறது போடியில. வெளியில இருந்து அந்தப் பெட்டியைக் கூப்பிட முடியாது, மருத்துவமனையோட வலை நடுவுல மறிச்சுக்கிட்டு நிக்கும். அதனால பெட்டியே அப்பப்ப வெளிய கூப்பிட்டுத் தன் நிலவரத்தைச் சொல்ற மாதிரி ஒரு மென்பொருள் எழுதி, 'போன்ஹோம்'னு பேர் வச்சாங்க. வேலைக்குப் போன மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு போன் போட்டு "நல்லா இருக்கேம்மா"ன்னு சொல்ற மாதிரி. போன் வரலேன்னாலே ஏதோ ஆச்சுன்னு அர்த்தம்.

இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. என் வேப்பமரத்தடிப் பெட்டியும் அச்சு அசலா இதேதான் செய்யுது! வித்தியாசம் விலையில மட்டும்தான். 2014ல சீனாவுல ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரஸ்ஸிஃப் கம்பெனியோட ஈஎஸ்பி8266ங்கிற வைஃபை சில்லு சின்ன மாட்யூலா சந்தைக்கு வந்துச்சு. சில நூறு ரூபாய்தான். முதல்ல கையேடு சீன மொழியில மட்டும். உலகம் பூரா இருக்கிற பொழுதுபோக்கு ஆசாமிகள் அதை மொழிபெயர்த்து, நோண்டி, அடுத்த வருஷமே ஆர்டுயினோ மென்பொருளுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. அந்தப் புண்ணியவான்கள் இல்லேன்னா நானெல்லாம் இதைத் தொட்டிருக்க முடியாது.

செய்முறை ரொம்பச் சின்னது. அந்தச் சில்லுக்கு 1 வோல்ட்டுக்கு மேல அளக்கத் தெரியாது. 150 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெண்டு ரெசிஸ்டரை வரிசையாப் போட்டு, சின்னது மேல விழுற வோல்ட்டை எடுத்தா பதினாறுல ஒரு பங்கு. 12.6 வோல்ட் 0.79 ஆகி உள்ள போகும். வண்டி ஓடும்போது வர்ற 14.4 கூட 0.9தான். பேட்டரி டெர்மினலுக்குப் பக்கத்துலயே ஒரு ஃபியூஸ் கட்டாயம், அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

முதல் தடவை நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பெட்டியை எப்பவும் முழிச்சிருக்கிற மாதிரி வச்சேன். வைஃபை ஓடும்போது சராசரியா 70 மில்லியாம்ப் இழுக்கும்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-மணி. என் பேட்டரி 35. மூணு வாரத்துல காலி! பேட்டரியைக் காப்பாத்த வச்ச பெட்டியே பேட்டரியைக் குடிச்சிருது :-) இப்ப அரை மணிக்கு ஒரு தடவை முழிச்சு, அளந்து, அனுப்பிட்டு மறுபடி தூங்கப் போயிருது. முழிச்சிருக்கிறது அஞ்சு செகண்ட்.

இன்னொரு தலைவலி, வண்டியே ஒரு தகரப் பெட்டி. ஆம்னியில பேட்டரி சீட்டுக்கு அடியில. சிக்னல் வெளிய வரவே மாட்டேன்னுச்சு. பெட்டியை ஜன்னல் ஓரமா மேல தூக்கி வச்ச பிறகுதான் வீட்டு ரூட்டர் அதைக் கண்டுபிடிச்சது. பெர்க்லிக்காரங்க பதினஞ்சு கிலோமீட்டர் தாண்டினாங்க, நான் பதினஞ்சு அடி தாண்ட ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு.

12.3க்குக் கீழ போனா போனுக்குச் செய்தி வரும். இதுவரைக்கும் ரெண்டு தடவை வந்திருக்கு. ஒரு தடவை பையன் உள்விளக்கைப் போட்டுட்டு மறந்திருந்தான். காலையில முதல் வேலையா அப்பா என் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "இன்னைக்கு எவ்வளவுல காட்டுது?"ன்னு கேக்குறாங்க. இன்னைக்கு 12.58.