ஒன்று, பல, ஒற்றுமை: ஒரு சிறுவர் கல்விப் படத்தின் வரலாறு

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத முற்பட்டபொழுது, மன்னர் வரலாறும் போர் வரலாறும் என் நினைவுக்கு வரவில்லை. ஏழு நிமிட அளவே ஓடும் ஒரு சிறுவர் படத்தின் வரலாறே முன்வந்து நின்றது. இது சிறு பொருள் என்று அன்பர்கள் எண்ணிவிடல் வேண்டா. கொழிஞ்சாம்பாறையில் வாழும் நம் குழந்தைகள் தமிழைக் காப்பரோ, இழப்பரோ என்னும் பெருவினா அச்சிறு படத்தினுள் அடங்கிக் கிடக்கிறது.

1974-ஆம் ஆண்டில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவு ‘ஏக் அநேக் அவுர் ஏக்தா’ என்னும் இந்திப் படத்தை வெளியிட்டது. ‘ஒன்று, பல, ஒற்றுமை’ என்பது அப்பெயரின் பொருள். அதனை ஆக்கியவர் விஜயா மூளே அம்மையார் (1921–2019). ஓவியங்களுக்கு அசைவும் உயிரும் தந்தவர் பீம்சேன். சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. மூளே அம்மையாரை அவரை அறிந்தோர் ‘அக்கா’ என்றே அன்புடன் அழைத்தனர். படத்தினுள்ளும் ஓர் அக்காளே சிறுவர்களுக்கு ஆசிரியையாகிறாள். ஒன்று எது, பல எவை என்று கண்முன் உள்ள பொருள்களைச் சுட்டிக் காட்டுகிறாள். பின்னர் ஒரு கதை சொல்கிறாள். வேடன் விரித்த வலையில் சிக்கிய பறவைகள் யாவும் ஒருசேரச் சிறகடித்து வலையோடு பறந்தன. எலிகள் வலையை அறுத்து விடுவித்தன. கதை முடியும்பொழுது ‘ஒற்றுமை’ என்னும் சொல் விளக்கம் வேண்டாமலே விளங்கிவிடுகிறது.

தூர்தர்ஷனில் இதனைக் கண்டு வளர்ந்த சிறுவர் இன்று பெற்றோராயினர். சிலர் பாட்டனும் பாட்டியும் ஆயினர். தொலைக்காட்சிப் பெட்டியில் தாம் கண்டதை அவர்கள் யூடியூப் வழியே தம் மக்களுக்கும் பேரர்க்கும் காட்டி மகிழ்கின்றனர். இவ்வாறு அப்படம் ஒரு புதிய தலைமுறையிடம் மீண்டு வந்திருக்கிறது. ஆயினும் நம் குழந்தைகளிடம் அது முழுமையாக வந்து சேர்ந்ததா?

ஒருமை பன்மை என்பது மொழியோடு பின்னிய பாடம். இந்தியில் ‘சிடியா’ என்பது ஒரு குருவி. ‘சிடியாங்’ என்பது பல குருவிகள். தமிழின் வழி வேறு. ‘குருவி பறந்தது’ என்றால் ஒன்று. ‘குருவி பறந்தன’ என்றால் பல. பெயர் மாறாமல் நிற்க, வினைமுற்றே எண்ணை உணர்த்திவிடுகிறது. இத்தகைய பெயரை நம் இலக்கண நூலார் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்றனர். இந்திப் படத்தைக் காணும் தமிழ்க் குழந்தை பறவைகளைக் காணும், இசையைக் கேட்கும், மகிழவும் செய்யும். தன் மொழி ஒன்றையும் பலவற்றையும் எவ்வாறு பிரித்துரைக்கிறது என்பதை மட்டும் அது கல்லாது. படம் வந்து சேர்ந்தது. பாடம் எல்லையில் நின்றுவிட்டது.

அக்காள் சொன்ன கதையும் மொழிவிட்டு மொழி சென்று வாழ்ந்த கதையே. பஞ்சதந்திரத்தில் அது சித்திரக்கிரீவன் என்னும் புறாவரசனின் கதை. வலையை அறுத்தவன் இரணியகன் என்னும் எலி. அப்பஞ்சதந்திரத்தைத் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் பெயர்த்தார். நூல் 1826-இல் சென்னையில் அச்சேறியது. மூலம் இருக்கிறதே, அதனையே படித்துக்கொள்ளட்டும் என்று அவர் வாளாவிருந்தாரில்லை. மூலத்தைத் தமிழ்க் குழந்தையின் நாவுக்கு ஏற்பச் செய்து தந்தார். மீட்பது என்றால் இதுவே மீட்பது.

தொலைக்காட்சி வந்தபொழுது இப்பணி நமக்கு நடந்ததா என்று வரலாற்றைப் புரட்டினால் வருத்தமே மிஞ்சும். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளின் துணையால் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நிகழ்ந்தது. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அத்திட்டத்தில் காலை வேளை பள்ளிச் சிறுவர்க்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்கள் அதில் இடம்பெற்றன. இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகள் ஒலித்தன. தமிழும் மலையாளமும் அதில் இல்லை. 1980-களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு நிகழ்ச்சிகள் வந்தன. அவையும் இந்தி, ஒரியா, தெலுங்கு, மராத்தி, குசராத்தி மொழிகளில் அமைந்தன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது உண்மையே. எனினும் வகுப்பறையை நோக்கிய அவ்விரு பெருமுயற்சிகளிலும் தமிழ்க் குழந்தைக்கு இருக்கை இடப்படவில்லை.

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதையும் நோக்குவோம். அமெரிக்காவில் 1969 நவம்பர் 10-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ பிற நாடுகளுக்குச் சென்றபொழுது, ஆங்காங்குள்ள ஆசிரியரும் கலைஞரும் கூடிப் புதிய பாத்திரங்களையும் தெருக்களையும் படைத்தனர். 1972-இல் மெக்சிகோவில் அவ்வாறு நிகழ்ந்தது. 2006-இல் இந்தியாவில் அது ‘கலி கலி சிம் சிம்’ ஆயிற்று. பள்ளிச் சீருடை அணிந்த சம்கி என்னும் சிறுமி அதில் தோன்றினாள். தெருவே இந்தியத் தெருவானபின் குழந்தைக்கு அயன்மை ஏது?

‘ரீடிங் ரெயின்போ’ என்னும் நூல் வாசிப்பு நிகழ்ச்சியின் வரலாறும் கருதத்தக்கது. 1983 முதல் 2006 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்து நின்றுபோன அதனைப் புதிய கருவிகளில் மீட்க, 2014-இல் பொதுமக்களிடம் நிதி கேட்கப்பட்டது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தனர். திரண்ட தொகை ஐம்பது இலட்சம் டாலரைக் கடந்தது. கொடுத்தவருள் பலர் அந்நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களே. அன்று பயன் பெற்றவர் இன்று கடன் தீர்த்தனர்.

இனி நம் ஊருக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் வட்டம் முன்னர்க் கொச்சி அரசில் இருந்தது; தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் கேரள மாநிலம் அமைந்தபொழுது இவ்விடங்களின் தமிழர் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் திருத்தம் 350அ என்னும் பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கத் தக்க வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய பிரிவு அது.

சட்டத்தில் இருந்தது திரையில் வர நெடுங்காலம் ஆயிற்று. 2004 செப்டம்பர் 20-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2005-இல் திருவனந்தபுரத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ‘விக்டர்ஸ்’ கல்வி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, 2020 ஜூன் 1 முதல் ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரால் அதில் வகுப்புகள் நடந்தன. மலையாள வகுப்புகளோடு தமிழ்வழி, கன்னடவழி மாணவர்க்கும் பாடங்கள் ஆக்கப்பட்டு யூடியூப் வழியே வழங்கப்பட்டன. 1975-இல் இடப்படாத இருக்கை, நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, இடுக்கண் வந்த வேளையில் இடப்பட்டது. தமிழில் கல்வி ஒளிபரப்பு இயலாது என்று இனி எவரும் சொல்ல இயலாது.

பள்ளிகள் திறந்துவிட்டன, அவ்வேளையின் நெருக்கடியும் நீங்கிவிட்டது. நெருக்கடியோடு அம்முயற்சியும் நம் நினைவினின்று நீங்குதல் தகுமோ? பழைய படத்தைத் தேடிக் காட்டுவது நன்று. அதனோடு நிற்பது போதாது. நம் குடியிருப்பின் சிறுவர் ஒருநாள் மாலை அப்படத்தை ஒலியின்றிக் காணட்டும். காட்சிக்கேற்ற உரையை நம் ஆசிரியர்கள் தமிழில் எழுதட்டும். சிறுவர் தம் குரலில் பேசட்டும். ‘பறந்தது’ எங்கே, ‘பறந்தன’ எங்கே என்று அவர்கள் தமக்குள் வாதிடட்டும். அடுத்த ஆண்டு விழா மேடையில் புறாவரசனும் எலியும் தமிழில் உரையாடட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு கைப்பேசியும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

வலையோடு பறந்த பறவைகளுள் எந்த ஒன்றும் தனியே பறந்து தப்பவில்லை. நம் வீட்டுக் குழந்தை தமிழ் கற்றால் போதும் என்று ஒவ்வொரு வீடும் தனித்திருந்தால் வலை மேலெழாது. வீடுகள் கூடின், தமிழ் இவ்வெல்லைப்புறத்தில் இன்னும் பல தலைமுறை பறக்கும். அவ்வொற்றுமைக்கு இவ்வாண்டு விழா தொடக்கமாகுக!