இரு நினைவுச்சின்னங்களும் ஓர் ஆராய்ச்சியும்

படை திரட்டி ஆட்சியை எதிர்ப்பதை மறவழி என்றும், படைக்கலம் ஏந்தாது ஒத்துழைக்க மறுப்பதை அறவழி என்றும் பிரித்துக் காண்பது மரபு. இவ்விரண்டையும் ஒப்பிடும் ஆராய்ச்சி கடந்த அரை நூற்றாண்டில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. அமெரிக்க அறிஞர் ஜீன் ஷார்ப் 1973இல் வெளியிட்ட நூலில் வன்முறை சாராத போராட்ட முறைகள் 198ஐ வகைப்படுத்தினார். எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் ஆகிய இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களை ஆராய்ந்து, அறவழி இயக்கங்களில் 53 விழுக்காடும் மறவழி இயக்கங்களில் 26 விழுக்காடும் வெற்றி கண்டன என்று 2011இல் காட்டினர். காந்தியடிகளைப் போற்றுவோர்க்கு மகிழ்ச்சி தரும் கணக்குதான். ஆயினும் சிங்கப்பூர் இந்தியரின் வரலாற்றை இக்கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். இரண்டு நாள் கழித்து, இன்று லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர் கூட்டப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து அங்கே ஊன்றப்பட்டது. பலர் சேர்ந்தனர், சேர மறுத்துச் சிறைப்பட்டோராகவே இருந்தவரும் பலர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்ற நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், அக்டோபரில் கேத்தே அரங்கில் தற்காலிக அரசை அறிவித்தார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் ஜான்சிராணிப் படைக்கு வந்தனர். அந்த இராணுவத்தின் படைப்பிரிவு ஒன்று தாங்கிய பெயர் காந்தி! இரு வழிகளும் அன்றைய உள்ளங்களில் எத்துணை நெருங்கிக் கிடந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அப்படை 1944இல் இம்பாலில் தோற்றது. மாண்ட வீரர்க்காக 1945 ஜூலையில் எஸ்பிளனேடு கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய சின்னத்தை, செப்டம்பரில் மீண்டு வந்த ஆங்கிலேயர் தகர்த்தனர். பின்னர் தில்லிச் செங்கோட்டையில் அதன் அதிகாரிகளை விசாரணைக்கு நிறுத்தினர். நேரு வழக்கறிஞர் அங்கி அணிந்து அவர்கள் பக்கம் அமர்ந்தார். நாடெங்கும் ஊர்வலங்கள் எழுந்தன. கல்கத்தாவில் மாணவர் மீது காவலர் சுட்டனர். முதல் மூன்று அதிகாரிகளுக்கு விதித்த ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் அரசே நீக்க நேர்ந்தது.

அதே நேரு 1950இல் ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953இல் அதனைத் திறந்துவைத்தவர் பிரிட்டிஷ் தலைமை ஆணையர் மால்கம் மெக்டொனால்டு. ஒன்றைத் தகர்த்த ஆட்சியே மற்றொன்றைத் திறந்தது. 1947க்குப் பின் காந்தியைப் போற்றுவதால் ஆங்கிலேயர்க்கு இழப்பு ஒன்றும் இல்லை என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். தகர்த்த சின்னம் இருந்த இடத்தில் தேசிய மரபுடைமைக் கழகம் 1995இல்தான் ஒரு நினைவுக்கல் வைத்தது.

எண்ணிப் பார்ப்போர் ஒவ்வோர் இயக்கத்தையும் ஏதேனும் ஒரு பிரிவில் அடக்கியே தீரவேண்டும். அது குறையன்று, முறையின் எல்லை. செனோவெத்தும் கர்ட் ஷாக்கும் 2015இல் இதனை மேலும் ஆராய்ந்து, ஆயுதக் குழு உடன் இயங்கும்போது அறவழி இயக்கத்தில் மக்கள் பங்கேற்பு குறையும் போக்கைக் கண்டனர். விடுதலை போஸாலா, காந்தியாலா என்று மாணவரைப் பட்டிமன்றம் ஏற்றுமுன் காலவரிசையை அவர்க்குச் சொல்லுதல் நலம். செங்கோட்டை வழக்குக்காக மக்கள் தெருவில் திரண்டபோது அப்படையிடம் ஒரு துப்பாக்கியும் இருக்கவில்லை.