அரியலூர்க் கல்லோடுகளும் நந்து என்னும் சொல்லும்

சங்கு, இப்பி முதலியவற்றின் வன்புறவோடுகளைப் பற்றித் தமிழ் நூல்கள் கூறுவன பெரும்பாலும் கடலையும் கழியையும் சார்ந்தன. ஆயின், கடலினின்றும் அகன்ற அரியலூர்ப் புன்செய் நிலத்தும் அவ்வோடுகள் கல்லாய்க் கிடக்கின்றன. கேயும் கன்லிஃபும் தென்னாட்டிற் திரட்டியவற்றை எட்வர்டு ஃபோர்ப்சு 1846-இல் விரித்தெழுதினார். பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்றாகப் பகுத்தார். ஸ்டோலிச்கா 1863 முதல் 1873 வரை நான்கு பெருந்தொகுதிகளில் அவற்றின் உயிரினங்களை வகுத்தார். நம் ஊர்ப்பெயர்கள் உலகநூலுட் புகுந்தன. ஓடுகளின் தமிழ்ப்பெயர்களோ புகவில்லை.

அப்பெயர்களை இன்று ஆக்கப் புகுவார்க்கு ஓர் இடர் உண்டு. காரைப் பகுதியிற் காணப்படும் அம்மோனைட்டு, சுருண்ட வடிவினது. நாம் வழிபாட்டிற் காணும் சாளக்கிராமமும் இவ்வினத்து ஓட்டின் பதிவே. வடிவு கண்டு இதனை நத்தை என்றல் எளிது, ஆயின் பிழையாம். நத்தையோடு உள்ளே தடுப்பற்றது. இதுவோ அறை அறையாகத் தடுக்கப்பெற்றது. உயிர் இறுதியறையில் மட்டும் வாழ்ந்தது. கணவாயே இதன் உறவு.

தொல்காப்பிய மரபியல் நந்தினையும் முரளினையும் ஈரறிவுயிர் என்கின்றது. உரைமரபு நந்தினுள் சங்கு, நத்தையையும், முரளினுள் இப்பி, கிளிஞ்சலையும் அடக்கும். ஒற்றையோடும் இரட்டையோடும் இங்ஙனம் பிரிந்து நிற்றல் வியப்பிற்குரியது. எனினும், ஆசிரியர் வகுத்தது அறிவு பற்றியே, ஓடு பற்றியன்று. கணவாய்க்குக் கண் உண்டு. அம்மோனைட்டிற்கும் அது இருந்திருத்தல் கூடும். அங்ஙனமாயின், அது நந்தினோடன்றி, நான்கறிவினுள் நண்டினோடு வைக்கத்தகும். ஆனால் கல்லில் எஞ்சியது ஓடு மட்டுமே. அறிவினைக் கொண்டு வகுக்க வழியில்லை. எனவே பழஞ்சொல்லை அப்படியே ஏற்றாது, கல்லானவற்றிற்குப் பொதுவாகக் கல்லோடு என்றும், அம்மோனைட்டிற்கு அறையோடு என்றும் வழங்கலாம் என யாம் கருதுகின்றோம். இவற்றினும் ஏற்ற சொல் கிடைப்பின் மகிழ்வோம்.

கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் தடித்த சிப்பியோடுகளால் நிறைந்தது. சிமெண்டிற்காக அது அகழப்பட்டுச் சூளை புகுகின்றது. சுண்ணாம்பு சுடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கிளிஞ்சலைச் சுட்டே பண்டு சுவர் பூசினர். ஆயின் கடற்கிளிஞ்சல் மீண்டும் விளையும். ஏழுகோடியாண்டளவு பழமையுடைய இவை விளையா. அகழ்வோரும் அண்டை உழவரும் இவற்றை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதனை ஆய்வு மாணவர் ஊர்தோறும் கேட்டு எழுதுதல் வேண்டும். காரையிலும் கல்லங்குறிச்சியிலும் அப்பணியை முதற்கண் தொடங்கலாம்.