எலி மருந்து: தின்ற எலி ஏன் அன்றைக்கே சாவதில்லை? ஆய்வுக்கூடத்தில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஜொகூரில் கூலாய், குளுவாங், சிகாமட் பக்கம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனைதான். அந்தத் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருந்தால், மரத்தடியில் மெழுகு போன்ற சின்னச் சின்னக் கட்டிகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எலி மருந்து. பேர்தான் மருந்து, உள்ளே இருப்பது ரத்தத்தை உறைய விடாத நஞ்சு.

எலி லேசுப்பட்டதில்லை. ஒன்றைத் தின்றதும் வயிறு சரியில்லாமல் போனால், மறுபடி அந்தப் பக்கமே போகாது. அதனால் சில நாள் கழித்து வேலை செய்கிற நஞ்சு தேவைப்பட்டது.

காயத்தில் ரத்தம் உறைய, கல்லீரல் சில புரதங்களைத் தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வைட்டமின் கே வேண்டும். நம் உடல் கொஞ்சம் வைட்டமின் கே-வைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து ஓட்டுகிறது. புதுப்பிக்கிற நொதியைத்தான் இந்த நஞ்சு முடக்குகிறது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிற புரதங்கள் தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. எலிக்கும் நமக்கும் இதே கதைதான்.

இந்த வகையில் பழையது வார்ஃபரின். கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து சாவதற்குக் காரணம் தேடிய அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில் பிறந்தது. 1948ல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்து, 1950களில் மனிதர்களுக்கான மருந்தாகவும் ஆனது. உங்க தாத்தா இதய நோய்க்கு வார்ஃபரின் சாப்பிடுகிறாரா? அதே பொருள்தான். இதைப் படித்துவிட்டு நிறுத்தச் சொல்லிடாதீங்க. டாக்டர் அளவு பார்த்துத்தான் கொடுக்கிறார்.

பிறகு எலிகள் வார்ஃபரினுக்குப் பழகிவிட்டன. மலேசியத் தோட்டங்களிலும் இந்தச் சிக்கல் வந்தது. அப்போது வந்தவைதான் புரோடிஃபாகூம், புரோமடியோலோன், ஃப்ளோகூமஃபென் போன்ற 'இரண்டாம் தலைமுறை' நஞ்சுகள். வார்ஃபரினை எலி பல நாள் தின்ன வேண்டும். இதற்கு ஒரு வேளையே போதும். கட்டியில் பெரும்பாலும் 0.005 சதவீதம்தான் நஞ்சு. ஆனால் அது கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது.

ஆந்தைக்கு என்ன ஆச்சு?

தீபகற்ப மலேசியாவில் கூகை ஆந்தை முன்பு அரிதான விருந்தாளி. 1960களின் இறுதியில்தான் அது இங்கே குஞ்சு பொரித்தது முதல்முறையாகப் பதிவானது. அது ஜொகூரில், ஒரு செம்பனைத் தோட்டத்தில். எலி நிறைய இருக்கும் இடம், அதனால் பல்கிப் பெருகியது. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பதால், தோட்டக்காரர்களே மரப்பெட்டிக் கூடு வைத்து வளர்த்தார்கள்.

நஞ்சு தின்ற எலி உடனே சாவதில்லை, இல்லையா? தள்ளாடிக்கொண்டு சுற்றும் அந்த எலிதான் ஆந்தைக்குச் சுலபமான இரை. புதிய நஞ்சுகளுக்கு மாறிய ஒரு தோட்டத்தில் ஆந்தைகள் வெகுவாகக் குறைந்துபோனதை 1984ல் வெளிவந்த ஓர் அறிக்கை பதிவு செய்தது. செலவில்லாமல் எலி பிடித்தவனையே கொன்றுவிட்டு, இன்னும் கட்டி வாங்குவது நல்ல கணக்கா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

செத்த ஆந்தை என்றால் கல்லீரலைத்தான் எடுப்பார்கள். ஒரு சின்னத் துண்டை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, கொழுப்பை நீக்குவார்கள். அந்தச் சாறு திரவ நிறப்பிரிகைக் கருவி வழியாகப் போகும்போது, கலந்திருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். அடுத்து நிறமாலைமானி அவற்றை எடை போடும். புரோடிஃபாகூமில் ஒரு புரோமின் அணு உண்டு. இயற்கையில் புரோமின் இரண்டு எடைகளில் ஏறக்குறைய சம அளவில் இருப்பதால், திரையில் 521, 523 என்ற இடங்களில் இரட்டைப் பிள்ளை மாதிரி இரண்டு கோடு எழும். அது நல்ல அடையாளம். அந்த மூலக்கூறை உடைத்து, துண்டுகளையும் சரிபார்த்த பிறகே முடிவு சொல்வார்கள்.

ஆனால் நஞ்சு கிடைத்தாலே அதுதான் கொன்றது என்று ஆகிவிடாது. மாதக்கணக்கில் தங்குகிற பொருளாச்சே! காரில் அடிபட்ட ஆந்தையிலும் கொஞ்சம் இருக்கலாம். உடலுக்குள் ரத்தக்கசிவு இருந்ததா என்று பிரேதப் பரிசோதனையும் சொல்ல வேண்டும்.

மனிதர்களுக்கு முதலில் செய்வது வேறு: ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை. சாதாரண மருத்துவமனையிலேயே செய்வார்கள். எந்த நஞ்சு என்று இது சொல்லாது. 2018ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ரத்தக்கசிவோடு மருத்துவமனைக்கு வந்தபோது, அவர்கள் புகைத்த செயற்கைக் கஞ்சாவில் புரோடிஃபாகூம் கலந்திருந்ததை உறுதிப்படுத்தியது ஆய்வுக்கூடம்தான்.

வீட்டில் குழந்தை கட்டியைக் கடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாக்கெட்டையோ மிச்சக் கட்டியையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மயக்கமோ ரத்தக்கசிவோ இருந்தால் 999. பாக்கெட்டில் இருக்கும் வேதிப்பெயர்தான் டாக்டருக்கு முக்கியம். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் டாக்டர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆலோசனை தருகிறது.

முதல் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் 'ஒன்னும் இல்ல' என்று வீட்டோடு இருந்துவிடாதீர்கள். புரதங்கள் தீர நாளாகும் என்று பார்த்தோமே. இரண்டு நாள் கழித்து டாக்டர் திரும்ப வரச் சொன்னால் கட்டாயம் போங்கள். மாற்று மருந்து உண்டு: வைட்டமின் கே1. தேவைப்பட்டால் வாரங்கள், சில நேரம் மாதங்கள்கூடத் தொடர வேண்டியிருக்கும். கடையில் வாங்கி நீங்களே கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. நாய், பூனைக்கும் இதே நஞ்சு, இதே மாற்று மருந்துதான். கால்நடை மருத்துவரிடமும் பாக்கெட்டைக் காட்டுங்கள்.