விதைநெல்லும் ஜூடோவும்

வலங்கைமான்ல சின்னப் பசங்களுக்கு ஜூடோ சொல்லித்தர்ற என் சித்தப்பா பையன், "அண்ணே, இந்த சீசனுக்கு எக்செல்ல ஒரு அட்டவணை போட்டுக் குடு"ன்னான். பொட்டி தட்டுறவனுக்கு வேறென்ன வேலை? போட்டி நாள்லேர்ந்து பின்னாடி எண்ணினோம். கடைசி வாரம் லேசான பயிற்சி. அதுக்கு முன்னாடி ரண்டோரி, அதாவது நேருக்கு நேர் மோதிப் பழகுறது. அதுக்கும் முன்னாடி எதிராளியைத் தூக்கிப் போடுற உத்திகள். எல்லாத்துக்கும் முதல்ல, அடிபடாம விழப் பழகுறது. தை அறுவடையிலேர்ந்து எண்ணி சம்பாவுக்கு நாத்து விடுற நம்மூர் கணக்கேதான்.

எட்டிப் பார்த்த அப்பா கேட்டார்: "எல்லாம் சரி, விதைநெல் எங்கடா?"

அப்பதான் தாகூர் ஞாபகம் வந்தார். 1905லயே சானோ ஜின்னோசுகேங்கிற ஜப்பானியரை சாந்திநிகேதனுக்கு வரவழைச்சு ஜூடோ சொல்லித்தர வச்சவர் அவர். 1929ல மறுபடியும், டோக்கியோ கோடோகான்ல பயின்ற தகாகாகி ஷின்சோ வந்தார். பொண்ணுங்களும் கத்துக்கிட்டாங்க. அமர்த்தியா சென்னோட அம்மா அமிதாவும் அதுல ஒருத்தர். ஆனா சாந்திநிகேதனுக்குப் பணக்கஷ்டம். 1931ல தகாகாகி கிளம்பினார், ஜூடோவும் தேஞ்சுபோச்சு.

தம்பியும் வெளியூர் வேலைக்கு மனு போட்டிருக்கான். அதனால அட்டவணையில இன்னொரு வரி சேர்த்தோம்: வாரம் ஒருநாள், பெரிய பசங்க சின்னவங்களுக்குச் சொல்லித்தரணும். நாளைக்கு அவன் ஊரைவிட்டுப் போனாலும், பாயைச் சுருட்ட வேண்டியிருக்காது பாருங்க.